ஆமிச் சட்டை

கார்மெண்ட்ஸில் மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் சிவரூபி எழுந்து போகவில்லை. இராணுவத்துக்காகத் தைத்து முடித்துக் கம்பியில் கொழுவியிருந்த ஆமிச் சட்டையின் முன்னால் நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, சட்டையோட கதை?" பக்கத்து மெஷின் றஹ்மா சிரித்தாள். "ஆமிக்காரன் ஆரிலயும் மனசு வெச்சிட்டியா?"

சிவரூபி முணுமுணுப்பை நிறுத்தினாள்.

"குழந்தைச் சட்டை தைக்கிற பக்கம் இடமிருக்கு. சம்பளமும் இதேதான். சூப்பர்வைசர் கூப்பிட்டும் நீ ஏன் போகல்ல?"

"எனக்கு இந்தத் துணிதான் வேணும் அக்கா."

"அண்ணனப் புடிச்சிக் கொண்டுபோனவங்கட உடுப்பத் தைக்கிறா எண்டு உன்ட அம்மா உன்னோட கதைக்கிறதே இல்லையாம். அவ கோவப்படுறது பிழையா?"

"பிழையில்ல."

சிவரூபி அந்தச் சட்டையின் கொலரை நேராக்கினாள். வேலைக்கு வந்த முதல்நாள் அவளால் இந்தத் துணியைத் தொடவே முடியவில்லை.

"அண்ணன்ட வழக்கில போன தவணைக்கு என்னைக் கோட்டில சாட்சி சொல்லக் கூப்பிட்டவங்க. எனக்கு முன்னால அவங்கள் இந்த உடுப்போட வரிசையா இருந்தாங்கள். வாய் திறக்க ஏலாமப் போச்சு. அண்ணன்ட பேரைக்கூட நான் சொல்லேல்ல."

றஹ்மாவின் சிரிப்பு நின்றது.

"அடுத்த தவணை எப்ப?"

"வாற திங்கள்."

றஹ்மா தான் தைத்து முடித்த சட்டைகளையும் எடுத்துவந்து அந்தச் சட்டையின் பக்கத்தில் வரிசையாகக் கொழுவினாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தாள்.

"இப்ப இதுகளப் பாத்துச் சொல்லு புள்ள. எனக்குக் கேக்கிற மாதிரி, முதல்ல இருந்து."