பன்னிரண்டு மார்க்

முதலில் எனக்கு அநியாயம் செய்தது அந்தப் பேராசிரியை அம்மாதான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

என் மகளுக்குக் கடைசிப் பரீட்சையில் நாற்பத்தெட்டு மார்க் என்று காலேஜில் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பது எடுத்தால் பாஸ். ஒரு மருந்துக் கம்பெனியில் அவளுக்கு வேலை காத்திருந்தது. திங்கட்கிழமை சான்றிதழைக் காட்டினால் சேர்ந்துவிடலாம்.

நான்கு நாள் கழித்து வேறொரு பட்டியல் ஒட்டினார்கள். நாற்பத்தெட்டு, முப்பத்தாறு ஆகியிருந்தது.

"விடுங்கப்பா. அந்த மார்க் சரிதான். நான் மறுபடி எழுதிக்கறேன்" என்றாள் மகள்.

"மறுபடி எழுத ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் கம்பெனிக்காரன் உனக்காக நாற்காலியைத் துடைச்சு வெச்சுக்கிட்டு இருப்பானா?"

"நீங்க அங்க போய்ச் சத்தம் போடாதீங்கப்பா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் அம்மா மாதிரியே பயந்த சுபாவம். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட இவள்தான் நகர்ந்து நிற்பாள்.

வெள்ளிக்கிழமை, அவளிடம் சொல்லாமல் கிளம்பிப் போனேன்.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. அந்தக் காலேஜின் மூன்றாம் மாடி வராந்தாவில் நடக்கும்போதே தெரிந்துவிட்டது, ஒட்டியவன் ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் மட்டும் சிமெண்ட் வைத்து, ஓரத்தை வெறுமையாக விட்டு வேலையை முடித்திருக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் கல் பொள்ளென்று சத்தம் போட்டது. ஏமாற்றுக்கார இடம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

பேராசிரியை அறைக் கதவுக்கு வெளியே பியூன் மறித்தான்.

"மேடம் வேலையா இருக்காங்க."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணிக்கு மார்க் பட்டியல் பரீட்சை ஆபீசுக்குப் போகணும். அது போனதும் பாருங்க."

"அது போனப்புறம் நான் உள்ளே போய் என்ன, ஃபேனைத் துடைக்கவா?"

"பெரியவரே, மெதுவா பேசுங்க."

மணி மூன்று இருபது. பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். எப்படிப் பேசவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது பாடம் பண்ணி வைத்திருந்தேன். அதில் ஒரு வார்த்தைகூட இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வேட்டி நுனியைத் திருகித் திருகி அது கசங்கிப்போனதுதான் மிச்சம்.

மூன்று ஐம்பதுக்குக் கூப்பிட்டார்கள்.

"உட்காருங்க ஐயா" என்றார் அந்த அம்மா.

"உட்கார வரலை. என் பொண்ணோட பன்னிரண்டு மார்க் எங்கே போச்சு?"

கெஞ்ச வந்தவன் கத்திவிட்டேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. பீரோவிலிருந்து விடைத்தாளை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார்.

"ஒவ்வொரு கேள்விக்கும் இங்க ஒரு கட்டம் இருக்கு. அஞ்சாவது கேள்விக்குப் பன்னிரண்டு. அதையே ஆறாவது கட்டத்துலயும் எழுதிக் கூட்டிட்டேன். ஆறாவது கேள்வியை உங்க பொண்ணு எழுதவே இல்லை."

"அப்ப தப்பு உங்களோடது!"

"என்னோடதுதான்."

"நீங்க பண்ணின தப்புக்கு என் பொண்ணு வேலையை இழக்கணுமா?"

அந்த அம்மா விடைத்தாளை மூடினார். மேஜைமேல் பட்டியல் கிடந்தது. வாசலில் பியூன் தொண்டையைச் செருமினான். மூன்று ஐம்பத்தைந்து.

என் குரல் தானாக இறங்கியது.

"அம்மா, நான் உங்களுக்கு வயசுல மூத்தவன். கையெடுத்துக் கும்பிடறேன். பன்னிரண்டு வேண்டாம். நாலே நாலு மார்க் போடுங்க."

"எழுதாததுக்கு எப்படி ஐயா போடறது?"

பியூன் உள்ளே வந்து பட்டியலை எடுத்துக்கொண்டு போனான். அவன் காலடியில் டைல்ஸ் பொள் பொள்ளென்றது. வராந்தா கடைசி வரைக்கும் கேட்டது.

அவ்வளவுதான். கோபம் என் கண்ணை மறைத்துவிட்டது.

"இந்தத் தப்பைக் கண்டுபிடிச்சுக் காட்டிக் குடுத்தது யாரு? என் பொண்ணு முன்னுக்கு வர்றது பொறுக்காதவங்க யாரோதானே? சொல்றேன் கேளுங்க, அவங்க நல்லாவே இருக்க மாட்டாங்க! அவங்க குடும்பம்..."

"ஐயா, சபிக்காதீங்க!" அந்த அம்மா எழுந்துவிட்டார். "சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். காட்டினது உங்க பொண்ணுதான்."

"யாரு, என் பொண்ணா?" என்றேன்.

"விடைத்தாளைத் திருப்பிக் காட்டின அன்னிக்கு வந்தா. 'நான் எழுதாத கேள்விக்கு மார்க் போட்டிருக்கீங்க மேடம்'னா. இருபது வருஷமா மார்க் குறையுதுன்னுதான் எல்லாரும் இந்தக் கதவைத் தட்டறாங்க. அதிகமா இருக்குன்னு வந்தவ இவ ஒருத்திதான்."

"பைத்தியக்காரி!" என்றேன். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

அந்த அம்மா விடைத்தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"'எங்கப்பா வந்தா நான்தான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மேடம்'னு கேட்டுக்கிட்டா. ஏன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதான்னு கேட்பார் மேடம்'னா."

வீட்டுக்கு வந்தேன். மகள் மறுபரீட்சைக்குப் பணம் கட்டும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"எங்கே போனீங்கப்பா?"

"ஒரு வீட்டுல தரைக்கு அளவெடுக்க."

தலையாட்டிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

அவள் நினைத்தது ஒன்றும் தப்பில்லை. இருந்தாலும், பெற்ற அப்பனைப் பற்றி மூன்றாம் மனுஷியிடம் அப்படிச் சொல்லலாமா? அதற்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும்.

இன்றுவரை கேட்கவில்லை.