கெட்டி ஆயில்

புனே நிக்டியில் இருந்த தன் ஒர்க்‌ஷாப்பில், மகள் கரோலினின் கணவன் ரோஹன் வாங்கிய பழைய டிரெய்லர் லாரியின் இன்ஜினைப் பிரித்திருந்தார் மெக்கானிக் மோசஸ்.

"புகை தெரியக்கூடாதுன்னு எவனோ கெட்டி ஆயில் ஊத்தித் தள்ளிவிட்டிருக்கான், மாப்ளே. மூணு லட்சம் செலவாகும்."

"கரோலினோட நகையை வித்துதான் மாமா வாங்கினேன்."

மோசஸ் இன்ஜின் ஆயில் தேங்கும் சம்ப்பைத் துடைத்தார். அடியில் அவரே வைத்த வெல்டிங் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஒரு புரோக்கருக்காக இந்த இன்ஜினில் கெட்டி ஆயில் ஊற்றியதும் அவர்தான்.

துணியை மடித்து வைத்தார்.

"வாங்கறதுக்கு முன்னாடி வண்டியை எங்கிட்ட ஏன் காட்டல?"

"எதுக்கு மாமா? நீங்க பார்த்துக் கொடுத்த வண்டின்னு புரோக்கர் சொன்னார். அப்புறம் கண்ணை மூடிட்டு வாங்கிட்டேன்."