முதல் வெட்டு

வயல் நடுவே வட்டமாகக் கிடந்தது ஆதிகாலத்து மண்கோட்டை. அதில் கைவைத்தவன் அந்த வருஷம் தாண்டமாட்டான் என்பது அயர்லாந்தின் அந்த மூலையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதை இடித்து மாட்டுக்கொட்டகை கட்டத் துடித்தான் ஊனாவின் அண்ணன் டோனல். மூன்றாவது புல்டோசர்காரனும் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டான். சாகக் கிடந்த அப்பாவிடம் கையெழுத்து வாங்கி நிலத்தையெல்லாம் சுருட்டிக்கொண்ட அந்த அண்ணனிடம், ஊனா மண்வெட்டியை நீட்டினாள்.

"நீயே வெட்டு, அண்ணா."

"எனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"நிலத்துக்கு உரியவனை அது ஒண்ணும் செய்யாதாம்," என்றாள், வேலியோரம் நின்ற ஊருக்கே கேட்கும்படி. "நிலம் உன்னோடதுதானே?"

டோனல் மண்வெட்டியை வாங்கி ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை.

"வெட்டேன், அண்ணா," என்றாள் ஊனா, அத்தனை அன்பாக.