விளிம்புக்கு மேலே

டம்ளரை மறுபடியும் அலசினாள்.

துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் தண்ணீர் விளிம்புக்கு மேல் நிற்காது. வழிந்துவிடும்.

மதியத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் கூடாது என்பது டாக்டர் சொன்னது. கணவரின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்டுவிட்டன. குடிப்பது உடம்பிலேயே நிற்கும். டயாலிசிஸ் நாளில் இயந்திரம் எடுத்தால்தான் உண்டு.

தாகம் மட்டும் குறையவில்லை. டிவியில் குளிர்பான விளம்பரம் வந்தால் சேனலை மாற்றிவிடுவார். அவள் அவருக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கம் போய்த்தான் தண்ணீர் குடிப்பாள்.

ஒரு டம்ளர் என்றால் ஒரு டம்ளர்தான். ஒரு நாளும் மீறியதில்லை.

டம்ளரை மேஜையில் வைத்தே ஊற்றுவாள். விளிம்பு வரைக்கும். பிறகு கரண்டியால், சொட்டுச் சொட்டாக.

தண்ணீர் விளிம்பைத் தாண்டும். வழியாது. வில்லைபோல் உப்பிக்கொண்டு மேலே நிற்கும்.

தண்ணீர் தண்ணீரை விடாது. ஓய்வு பெறும்வரை வேதியியல் வகுப்பில் வருஷா வருஷம் அவள் சொன்னது. அந்தப் பிடி இருப்பதால்தான் வேர் குடித்தது வேப்பங்கொழுந்துவரை அறுபடாமல் ஏறுகிறது. அது இல்லையென்றால் மரம் இல்லை. நிழல் இல்லை. நாமும் இல்லை.

அந்தப் பிடியில் அவருக்கு ஒரு வாய் கூடுதல்.

முதல் நாள் பார்த்ததும் சிரித்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர்.

"என்ன டீச்சர், ஃபுட்போர்டுல ஆள் தொங்குது?"

ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி, உதடு படாமல் அண்ணாந்து குடித்துப் பழகிய மனிதர். சட்டையில் ஒரு சொட்டு விழாது. இந்த டம்ளரை அப்படித் தூக்க முடியாது. மேஜையில் கைகளை ஊன்றிக் குனிவார். தண்ணீரில் உதட்டை வைத்து மெல்ல உறிஞ்சுவார்.

"ஃபுட்போர்டை இறக்கியாச்சு. ரைட், போகலாம்."

அதற்குப் பிறகுதான் டம்ளரைத் தூக்குவார். தினமும் இப்படித்தான்.

நேற்று அவருக்கு எடை பார்த்த நர்ஸ் சிரிக்கவில்லை. கால் வீங்கியிருந்தது. மூச்சு இரைத்தது.

"தங்கச்சாமி ஐயா, தண்ணி கூடிப்போச்சே. நெஞ்சுல கோத்துக்கிட்டா அப்புறம் எங்க கையில இல்ல. யாரு குடுத்தது?"

அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"யாரு குடுப்பா தாயி. நாந்தான் திருடிக் குடிச்சேன்."

அவர் திருடியதில்லை. குடத்து மூடி அசைந்தால் அவளுக்குக் கேட்கும்.

ஒரு கரண்டித் தண்ணீர் ஆளை மூழ்கடிக்காது. தெரியும்.

போக வழியில்லாத இடத்தில் கரண்டியும் சேரும். அதுவும் தெரியும்.

டம்ளர் கையில் பளபளத்தது. இவ்வளவு நேரம் எதற்கு அலசினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுப்படியிலேயே ஊற்றினாள். விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்தினாள்.

கரண்டியைத் தொடவில்லை.

மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. எதுவும் சிந்தவில்லை.

வைத்துவிட்டு உடனே திரும்பி வந்தாள். அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

பிறகு சத்தமே இல்லை. பார்க்கிறார்.

ஏன் குறைந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். பதில் வைத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை.

மேஜை லேசாகக் கிறீச்சிட்டது. கைகளை ஊன்றுகிறார்.

உறிஞ்சும் சத்தம் கேட்டது. மெல்ல, நீளமாக, எப்போதும்போல்.

துணி கையில் நின்றது. அந்த உதட்டுக்குத் தண்ணீர் எட்டியிருக்காது.

"ஃபுட்போர்டை இறக்கியாச்சு," என்றார். "இன்னிக்கு நீ ரைட் குடு டீச்சர்."

அவள் திரும்பினாள்.

தண்ணீர் அப்படியே இருந்தது. விளிம்புக்கு ஒரு விரல் கீழே.

அவர் இன்னும் டம்ளரைத் தூக்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.