சகோதரி வடிவின் சாட்சி

"இன்னிக்கும் அந்தம்மாவ வெளியவே உக்கார வெச்சிருக்காரு பாருங்க நம்ம பாஸ்டரு!"

சர்ச் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வடிவைக் காட்டிச் சொன்னாள் சுகாசினி. சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். நல்ல மனசு, வாய்தான் கொஞ்சம் நீளம்.

வடிவு எட்டு வருஷம் ஒரு நெல் மில்லில் கொத்தடிமையாகக் கிடந்தவள். தப்பிக்கப் பார்த்ததற்கு முதலாளி கையை உடைத்தான். அதிகாரிகளைக் கூட்டிப் போய் அவளை மீட்டவரே இந்த பாஸ்டர் டேனியல்தான். முதலாளி இப்போது ஜெயிலில். "வெளிய வந்தா மொதல்ல உன்னத்தான்டி பாப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினான்.

"மீட்டாரு, சரி. அதுவா வந்து ஞானஸ்நானம் கேக்குது, குடுக்க மாட்டேங்கறாரே!" என்றார் பட்டுக்கடை மேனேஜர் ஜான்சன். "கேட்டா, 'கொஞ்சம் பொறுங்க'ன்றாரு. எவ்ளோ நாளு?"

"ஏழைன்னா அவருக்கு எளக்காரம்பா" என்றாள் சுகாசினி.

பாஸ்டர் ஒரு மகாநாட்டுக்காக வெளியூர் போன வாரம், இருவருமாக வடிவை ஆட்டோவில் ஏற்றி வேறொரு ஜெபக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். வெள்ளைப் புடவை, முழுக்கு, புதுப் பெயர், பிரியாணி. வடிவு அழுதாள். அவளுக்காக யாரும் புதுப்புடவை எடுத்ததில்லை.

"உன் சாட்சிய சொல்லும்மா, ஃபேஸ்புக்ல போடறேன். மில்லுல இருக்கசொல்ல ஜெபம் பண்ணியா?" என்றாள் சுகாசினி.

"எங்கம்மா பண்றது? நெல்லு அவிக்கவே நேரம் பத்தாது."

அப்படி எழுதினால் எடுபடுமா? சுகாசினி கொஞ்சம் மசாலா சேர்த்தாள். 'மில் சிறைக்குள் எட்டு வருடமும் இயேசுவையே ஆராதித்த சகோதரி!' நானூறு லைக். எட்டுத் திக்கிலிருந்தும் ஆமென்.

மூன்றாம் வாரம், முதலாளியின் ஜாமீன் மனு விசாரணை. கோர்ட்டிலிருந்து வடிவோடு வெளியே வந்த பாஸ்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே காத்திருந்த ஜான்சனும் சுகாசினியும் ஓடி வந்தார்கள்.

"ஜாமீன் குடுத்துட்டாங்க."

"எப்படி பாஸ்டர்? வன்கொடுமை கேஸாச்சே, சுலபத்துல கெடைக்காதுன்னீங்களே!" என்றார் ஜான்சன்.

"அது எஸ்.சி. சாதிக்காரங்களுக்கான சட்டம், கிறிஸ்தவங்களா மாறிட்டா செல்லாது. கைய ஒடச்சப்பவே இந்தம்மா கிறிஸ்டியன்தான்னு அவங்க வக்கீலு வாதாடினாரு. ஆதாரம் கேட்டதுக்கு, சுகாசினிம்மா, நீங்க போட்ட போஸ்ட்ட பிரிண்ட் எடுத்து நீட்டினாரு."

சுகாசினி கைப்பையில் போனைத் தேடினாள்.

"கேஸு முடியட்டும்னுதான் இந்தம்மாவ உள்ளயே விடாம வெச்சிருந்தேன். சொன்னா சபை முழுக்கப் பரவி அவன் காதுக்கும் போயிடும்னு பயம். உங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும்."

"டெ... டெலிட் பண்ணிடறேன் பாஸ்டர்."



வடிவு பாஸ்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ நான் இப்ப அந்தச் சாதி இல்லன்னு கோர்ட்டுக்குத் தெரிஞ்சுபோச்சு... நாளைக்கு அந்த மொதலாளி வாசல்ல வந்து நிப்பானே, அவனுக்கு யாரு சொல்றது பாஸ்டர்?"