கறுப்பும் நீலமும்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு மாடிக் காட்சிக்கூடம். அதை நடத்தும் பெதானி, இரண்டு பேரின் அரூப ஓவியங்களைச் சேர்த்து மாட்டியிருந்தாள். போன வருடம் இறந்த சிலுவைராஜின் கறுப்புக் கோடுகள் பதினொன்று. ரோஷினியின் நீலக் கசிவுகள் பதினொன்று. இருவரும் சந்தித்ததே இல்லை. அவர் பக்கத்தில் தன் படங்கள் எடுபடாது என்று ரோஷினி பயந்திருந்தாள்.

திறப்பன்று காலை சுவரில் இருபத்து மூன்று ஓவியங்கள் இருந்தன. கூடுதலாக இருந்ததில் அவளுடைய நீலத்தினூடே அவருடைய கோடுகள் ஓடின.

"நான் இத வரையல லா," என்ற ரோஷினியால் கண்ணை எடுக்க முடியவில்லை. "ஆனா எவ்ளோ அழகா இருக்கு!"

"ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கே," என்றாள் பெதானி.

ரோஷினி தொட்டுப் பார்த்தாள். நீலம் எப்போதோ காய்ந்திருந்தது. கறுப்பு மட்டும் ஈரமாக விரலில் ஒட்டியது.