அரைக்கால் அங்குலம்

டெஸ்மண்ட் ஜீனோவை மெத்தையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இருநூற்று முப்பது பவுண்டு எடை, கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் மூன்று வருடமாக லைன்பேக்கர், பந்தோடு ஓடி வருகிறவனை மோதித் தடுக்கிற ஆள். அவனுடைய அப்பா ஆல்வின், இறால் ஏற்றுகிற தன் வண்டியின் பின்பக்கத்தில் மெத்தை விரித்து, மகனை மல்லாக்கப் படுக்கவைத்து, எண்பது மைல் ஓட்டி வந்திருந்தார்.

கல்லூரி வாசலில் நாலு தோழர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மாப்பிள்ளைய மெதுவா இறக்குங்கடா, பொண்ணு வீட்டுக்காரங்க பாக்குறாங்க" என்றான் ஒருவன்.

பெண் வீட்டுக்காரர்கள் என்றது எங்களைத்தான். பன்னிரண்டு தொழில்முறை அணிகளிலிருந்து ஆள் பார்க்க வந்த பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தோம். இருபத்தாறு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. கல்லூரி கல்லூரியாகப் போய் இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று எழுதிக் கொடுப்பது.

மெத்தை ஏன் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. நிற்க நிற்க மனிதன் உயரம் குறைவான். படுத்துக் கிடந்தால் முதுகெலும்பு தளர்ந்து அரைக்கால் அங்குலம் கூடுவான். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் அளந்தபோது டெஸ்மண்ட் ஆறடிக்குச் சரியாக அந்த அரைக்கால் அங்குலம்தான் குறைவு. எங்கள் அணியில், ஆறடிக்குக் குறைந்த லைன்பேக்கர் என்றால் பெயரையே படிக்கமாட்டார்கள். அவன் ஆடிய ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னால், "வெண்டல், உனக்கு வயசாகிவிட்டது" என்பார்கள்.

எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பந்து யார் கைக்குப் போகும் என்று எதிரணிக்காரன் முடிவு செய்வதற்குள் இவன் அங்கே போய் நிற்பான். மோதி விழுத்தாட்டிவிட்டு, விழுந்தவனுக்குக் கை கொடுத்து எழுப்பியும் விடுவான். ஒருமுறை அப்படி எழுப்பப் போய், தன் இடத்துக்குத் திரும்புவதற்குள் எதிரணி அந்த வழியாகவே ஓடிவிட்டது. பயிற்சியாளர் திட்டித் தீர்த்தார். திட்டவேண்டியதுதான், ஆனாலும் நான் காரில் போய் உட்கார்ந்து சிரித்தேன்.

ஆங்கில அகரவரிசைப்படி பெயர் கூப்பிட்டு உயரம் அளந்தார்கள். ஜீனோவுக்கு 'இஸட்', கடைசி எழுத்து. மற்றவர்கள் குதித்து, குனிந்து, ஓடி உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது, இவன் சுவரோரம் மெத்தையில் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"படுத்த வாக்குலயே நாப்பது கஜம் ஓடிருவான் போல" என்றான் என் பக்கத்தில் நின்ற இன்னொரு அணிக்காரன்.

கடைசியில் டெஸ்மண்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி அப்பா அவனைத் தோளைப் பிடித்து எழுப்பி, அளவுகோலடியில் நிறுத்தினார்.

"ஆறடி" என்று உரக்கச் சொன்னார் அளந்தவர். "சரியா ஆறடி."

தோழர்கள் விசிலடித்தார்கள். ஆல்வின் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் வெளியே மேகம் கறுத்துவிட்டது. வழக்கமாக ஓட்டத்தைக் கடைசியில்தான் வைப்பார்கள். அன்றைக்கு, மழை வருவதற்குள் முடித்துவிடலாம் என்று எல்லோரையும் நேராகத் திடலுக்கு விரட்டினார்கள்.

நாற்பது கஜத்தை டெஸ்மண்ட் நாலு புள்ளி ஆறு விநாடியில் ஓடக்கூடியவன். நானே இரண்டு முறை நேரம் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு நாலு புள்ளி ஒன்பது ஆனது.

ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள் சிலர். இரண்டாவது ஓட்டம் அதைவிட மோசம். பாதியிலேயே தொடையைப் பிடித்துக்கொண்டான். மூன்று மணி நேரம் மரக்கட்டையாய்க் கிடந்த கால், சூடேறாத கால், வேறு எப்படி ஓடும்? மழை கொட்டியது. குறிப்பேடுகளை மூடிக்கொண்டு எல்லோரும் உள்ளே ஓடினோம்.

"நல்ல யோசனை! எந்தப் புத்திசாலி குடுத்தது?" என்று ஆல்வினைக் கேட்டான் அதே பக்கத்துக்காரன்.

ஆல்வின் என்னைப் பார்க்கவில்லை. "நானாத்தான் செஞ்சேன்" என்றார்.

அவர் வண்டியைத் திருப்பப் போன பிறகு, டெஸ்மண்ட் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தான். முகமெல்லாம் மழைத்தண்ணீர். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவன் குரலில் பெருமை இருந்தது.

"மிஸ்டர் வெண்டல், நீங்க போன்ல சொன்ன மாதிரி ஒரு தடவகூட எந்திரிக்கல. ஒண்ணுக்குக்கூடப் போகல."

நான் அவன் தோளில் கை வைத்தேன்.

காரில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். உயரம் எழுதினேன், நேரம் எழுதினேன். சொன்னபடி கேட்பானா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆட்டக்காரனுக்கு ரகசியமாக யோசனை சொல்கிறவனை எங்கள் அணி ஒரு நாள்கூட வேலையில் வைத்துக்கொள்ளாது. பேனாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

பிறகு எழுதினேன்: 'கேட்பான். இன்று மெதுவாக ஓடியதற்கு அதுதான் காரணம். சொன்னவன் நான்.'